குட்டிக் கணக்கப்பிள்ளையும் ஆயாம்மாவும்

(2025 ஒக்டோபர் சிறுவர், முதியோர் தினத்தன்று தோட்டச் சிறுவர் பராமரிப்பு நிலையப் பெற்றோர் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நாட்டில் ஒக்டோபர் 1ஆம் திகதியைச் சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் சேர்த்தே கொண்டாடுகிறோம். இந்த நாளில் பேச வருபவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பாதி, பெரியவர்களைப் பற்றிப் பாதி என்று பங்கு பிரித்துப் பேசிவிட்டு இறங்கி விடுவார்கள். நான் இன்றைக்கு அப்படிப் பிரிக்கப் போவதில்லை. ஒரு ஆயாம்மாவும் நாலு வயசுப் பிள்ளை ஒன்றும் கூட்டாளியான கதையைச் சொல்லப் போகிறேன். நான் போய்வருகிற ஒரு தோட்டத்தில் நடந்தது. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் "பேரைச் சொல்லிறாதீங்க ஐயா" என்று ஆயாம்மா கேட்டுக்கொண்டார். பிள்ளை மட்டும் "என் பேரைச் சொல்லுங்க" என்றது. நான் ஆயாம்மா பேச்சைத்தான் கேட்கப் போகிறேன்.

முதலில் ஆயாம்மாவைப் பற்றி. வயசு முப்பத்தெட்டு. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, பதினேழு வயசில் கொழுந்துக் கூடை தூக்கியவர். இருபது வருசம் மலையில் நின்று இடுப்பு போய்விட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்ததால், 2024 ஆரம்பத்தில் அவரைப் பிள்ளைக் காம்பராவில் உதவிக்குப் போட்டார்கள். இப்போது நாம் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்கிறோம், ஆனாலும் லயத்தில் இன்னும் பிள்ளைக் காம்பராதானே? பழைய ஆட்களுக்கு அந்தக் காலத்துப் பிள்ளைக் காம்பரா ஞாபகம் இருக்கும். வரிசையாகச் சேலைத் தொட்டில், வாசலில் குச்சியோடு ஒரு கிழவி. மலைக்குப் போக முடியாதவர்களைப் பிள்ளை பார்க்கப் போடுவது அப்போதிருந்தே வந்த பழக்கம். கொழுந்து எடுக்க முடியாதவருக்குப் பிள்ளை பார்க்க முடியும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது. இரண்டில் எது பெரிய வேலை என்று பிள்ளை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ஆயாம்மாவுக்கு அந்த வேலை கைக்கு வரவேயில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்று அழுதால் அதைத் தூக்குவார், அதற்குள் இன்னொன்று தண்ணீரைக் கொட்டிவிடும். அதைத் துடைக்கப் போனால் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருந்தவரை எப்படியோ சமாளித்தார்கள். அந்தப் பிள்ளை 84 நாள் பிரசவ லீவில் போனதும் பாரமெல்லாம் இவர் தலையில் விழுந்தது. கூட இருந்த இன்னொரு ஆயாவுக்கு வயசு போய்விட்டது, காதும் மந்தம். "இந்தம்மா கத்துது, ஆளை மாத்துங்க" என்று தாய்மார் பெரட்டுக் களத்திலேயே முறைப்பாடு சொன்னார்கள். என்னிடமும் வந்தது.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. புருசன் கொழும்பில் கடை வேலை, பேர்தான் வேலை, காசு வருவதில்லை. மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பையன். 2022இல் மாவும் அரிசியும் விலை ஏறின சமயத்தில், மற்ற பெண்களோடு சேர்ந்து குழுக் கடன் வாங்கியிருந்தார். உங்களில் பல பேருக்கு அது தெரியும், நான் விளக்கத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை தவணை. ஒரு ஆள் கட்டாவிட்டால் மற்ற ஆட்கள் முகம் பார்க்க மாட்டார்கள். தவணைக்காரப் பெண் நிலையத்து வாசலுக்கே வந்து நிற்பார்.

இனி நம்ம குட்டி. லயத்தில் அவளுக்குப் பட்டப் பேர் "கணக்கப்பிள்ளை". கண்ணில் படுவதை எல்லாம் எண்ணுவாள். படிக்கட்டு எத்தனை, கோழி எத்தனை, தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை பீடி குடிக்கிறார், எல்லாம் அவளிடம் கணக்கு உண்டு. தாத்தாவுக்கு அந்தக் கடைசிக் கணக்குத்தான் பிடிக்காது. பேச்சு பெரிய மனுசி மாதிரி. "அது அப்படியில்லை, யோசிச்சுப் பாருங்க" என்று தலைவர்மாரிடமே சொல்லுவாள். சிரிப்பவர்கள் சிரிப்பார்கள். "இது பிள்ளையா, கிழவியா? பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்பவர்கள்தான் கூட.

அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை. ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று 2013இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. 2022இல் அதை இரண்டு வயசு என்று குறைத்தார்கள். அதற்கு அடுத்த வருசம் அந்தத் தாய் போனார். அப்போது பிள்ளைக்கு இரண்டரை வயசு. போனது சரியா பிழையா என்று நான் இங்கே வழக்குப் பேச வரவில்லை. அந்த நேரத்து லயத்துச் சாப்பாட்டை நானும் பார்த்தவன். தகப்பன் வெளியே கொந்தரப்பு வேலை. பிள்ளை அம்மாயியோடு. அம்மாயி காலையில் மலைக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விட்டால், மாலையில் கூடையோடு வந்து கூட்டிக்கொண்டு போவார்.

இவர்கள் இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால், ஒரு மழை நாளைச் சொல்ல வேண்டும்.

பத்து மணி இருக்கும். ஆயாம்மா சின்னப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை வந்து சேலையை இழுத்திருக்கிறாள். "ஆயாம்மா, ஒண்ணு குறையுது." இவர் கஞ்சி குறைகிறது என்று நினைத்து, "இரு புள்ள, ஊத்துறேன்" என்றார். "கஞ்சி இல்ல. ஆளு. இருபது வந்துச்சு. இப்ப பத்தொம்பது."

நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் "போய் உக்காரு, வாயாடாத" என்று சொல்லியிருப்போம்? ஆயாம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பினார். எண்ணிப் பார்த்தார். பத்தொன்பதுதான். பின்கதவுக் கொண்டி கழன்று கிடந்தது. வெளியே ஓடிப் பார்த்தால், மூன்று வயசுப் பையன் ஒருத்தன் பெரிய காணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மழைத் தண்ணீரில் இலை விட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் காண் மழைக்கு எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். பையன் நனைந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

ஆயாம்மா அதை மறைக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அந்தப் பையனின் தாயிடம் தானே சொல்லி, வாங்க வேண்டிய ஏச்சையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் என்னிடமும் சொன்னார். கடைசியில், "ஐயா, எனக்கு எண்ணிக்கை நிக்க மாட்டேங்குது, அந்தப் புள்ளைக்கு நிக்குது" என்றார். நான் சொன்னது இதுதான்: பிள்ளை எண்ணட்டும், நல்லதுதான். ஆனால் முதலில் நீங்கள் எண்ணுங்கள், பிறகு பிள்ளை சரிபார்க்கட்டும். எண்ணும் பொறுப்பு நாலு வயசுக்குப் போகக் கூடாது. கொண்டிக்கு அன்றைக்கே புது ஆணி அடித்தார்கள். அதிலிருந்து அந்த நிலையத்தில் காலை, பத்து மணி, படுக்கப் போகும் முன், எழும்பிய பின் என்று நாலு தரம் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆயாம்மா ஒரு எண்ணைச் சொல்வார். கணக்கப்பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு "சரி" என்பாள். பெரட்டுக் களம் தோற்றுப் போகும்.

எண்ணிக்கையில் ஆரம்பித்தது, பிறகு கேள்வியாகப் போனது. சில பிள்ளைகள் கேள்வி கேட்பது நம்மைப் பேச வைக்கத்தான். இவள் அப்படியில்லை. பதில் வேண்டும். பதில் சரியில்லை என்றால் மறுநாள் திரும்பவும் அதே கேள்வியோடு வருவாள். ஒரு நாள் அம்மாயி காலில் அட்டை கடித்து, அட்டை விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. "அட்டை போயிருச்சுதானே, ஏன் ரத்தம் நிக்கல?" என்று கேட்டாள். அம்மாயி "சும்மா இரு" என்றார். தாத்தா "அது அப்படித்தான்" என்றார். ஆயாம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்ன பதிலை நான் உங்களுக்கு அப்படியே சொல்ல விரும்புகிறேன்.

"எனக்குத் தெரியலியே புள்ள. கேட்டுப் பாப்போம்."

அவ்வளவுதான். ஆனால் அவர் உண்மையாகவே கேட்டார். பின்னேரம் டிஸ்பென்சரிக்கு இடுப்பு மருந்துக்குப் போனவர் மருந்துக்கார ஐயாவிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அட்டை கடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு நீரை விடுகிறது, அந்த நீர் காயத்தில் தங்கியிருப்பதால் அட்டை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் வடியும் என்று மறுநாள் பிள்ளைக்குச் சொன்னார். இருபது வருசம் மலையில் அட்டைக் கடி வாங்கினவர், அதன் காரணத்தை நாலு வயசுப் பிள்ளைக்காகத்தான் முதல் முறையாகத் தெரிந்துகொண்டார். "நானும் ஒரு நாளும் கேக்கலியே ஐயா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்தது. அம்மா குவைத்திலிருந்து போனில் முகம் காட்டிப் பேசுவார். இங்கே ஆறரை மணி, இருட்டிக்கொண்டு வருகிறது. அங்கே அம்மாவுக்குப் பின்னால் ஜன்னலில் பளிச்சென்று வெயில். பிள்ளைக்கு அது பெரிய மனக்குறையாகப் போய்விட்டது. எல்லாருக்கும் ஒரே சூரியன் என்றால் அம்மாவிடம் மட்டும் எப்படி இன்னும் வெயில்? அம்மா பொய் சொல்கிறாரா? வேறு எங்கோ இருந்துகொண்டு குவைத் என்கிறாரா? இந்தச் சந்தேகம் பிள்ளை மனசில் ஒரு கிழமை கிடந்திருக்கிறது. அம்மா பேச வந்தால் போனை வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "திமிர் பிடிச்சிருச்சு" என்றார் அம்மாயி. திமிர் இல்லை. தன் அறிவுக்கு எட்டியதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள், அந்த முடிவு அவளையே குத்துகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கஷ்டம் உண்டு. மற்றப் பிள்ளைகள் கவனிக்காததை எல்லாம் கவனித்துவிடுவார்கள். ஆனால் அதைத் தாங்குகிற வயசு மட்டும் வந்திருக்காது.

ஆயாம்மா இந்தக் கேள்வியைத் தோட்டத்துப் பாடசாலை சேரிடம் கொண்டு போனார். கேட்கக் கூச்சமாக இருந்ததாம். இரண்டாம் வகுப்போடு விட்டவர், இருபத்தைந்து, முப்பது வருசம் கழித்து அந்த வாசலில் போய் நின்று சூரியனைப் பற்றிக் கேட்பதென்றால் சும்மாவா? சேர் நல்ல மனுசர். ஒரு தோடம்பழத்தை எடுத்து, அதில் இரண்டு நெருப்புக் குச்சியைக் குத்தி, ஒன்று நம்ம ஊர், ஒன்று குவைத் என்று காட்டிக் கொடுத்தார். மறுநாள் பிள்ளைக் காம்பராவில் கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, டோர்ச் வெளிச்சத்தில் தோடம்பழம் சுற்றியது. நம்ம குச்சியில் முதலில் வெளிச்சம் படும், முதலில் இருட்டும். குவைத் நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே எல்லாம் பிந்தி நடக்கும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. இருபது பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறார்கள். கடைசியில் தோடம்பழத்தை உரித்துப் பங்கு போட்டார்கள். எத்தனை சுளை என்று யார் எண்ணினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்குப் பின்னேரம் போன் வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் வாங்கினாள். "அம்மா, நீங்க பொய் சொல்லல, எனக்குத் தெரியும்" என்றாளாம். அந்தத் தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அம்மாயி விசயத்தைச் சொன்ன பிறகுதான் விளங்கியது. இப்போதும் இருட்டுகிற நேரத்தில் அம்மாயிக்கு வகுப்பு நடக்கிறது: "அங்க இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு, அவசரப்படாதீங்க."

ஐந்து வயசாகும்போது பிள்ளையின் மூளை பெரிய ஆளின் மூளை அளவில் தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிடுகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்த வயசுக்குள் பிள்ளையோடு யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது முட்டை, கீரை, பால் மாதிரியே முக்கியம். ஆனால் அதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "எங்களுக்கு என்ன தெரியும், பாடசாலையில் சொல்லிக் கொடுப்பார்கள்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். இந்த ஆயாம்மாவுக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி அப்போது ஒரு நாள்கூடக் கிடைத்திருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம் இல்லை. அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது. படித்த ஆட்கள் பல பேரிடம் அது கிடையாது.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த நட்பில் ஒரு பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

ஆயாம்மாவுக்குப் பேச ஆள் இல்லை. இந்தப் பிள்ளை பெரிய மனுசி மாதிரிக் காது கொடுத்துக் கேட்கிறது. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, தன் கஷ்டத்தை எல்லாம் அதனிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். தவணை எவ்வளவு, எத்தனை கிழமை பாக்கி, புருசன் என்ன சொன்னான், எல்லாம். பிள்ளையும் "பாவம் ஆயாம்மா நீ" என்று சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் உத்தியோகத்தர் பிள்ளை, அதாவது லீவு முடிந்து திரும்பி வந்தவர், பாய்களைத் தட்டி வைக்கும்போது கணக்கப்பிள்ளையின் தலையணைக்கு அடியில் ஒரு பொலித்தீன் பை கிடந்தது. பத்து மணிக்குக் கொடுக்கிற பிஸ்கட், ஒவ்வொன்றாகச் சேர்த்தது, பதினொன்று. அதோடு இரண்டு ஐந்து ரூபாக் குத்தியும் ஒரு இரண்டு ரூபாக் குத்தியும். எறும்பு மொய்த்துக் கிடந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, "கடன் அக்கா வந்தா குடுக்க. அவங்க ஆயாம்மாவை ஏச மாட்டாங்க" என்றாள்.

பதினொரு நாள் அந்தப் பிள்ளை பத்து மணிச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. அந்த மாதம் நிறுத்துப் பார்த்ததில் நிறை ஏறவேயில்லை, வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துவிட்டது. காரணம் தெரியாமல் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

ஆயாம்மா அன்றைக்கு அழுத அழுகையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் அவரிடம் சொன்னதை மட்டும் சொல்கிறேன். பிள்ளையின் நாக்குப் பெரியது, நெஞ்சு சின்னது. அட்டையைப் பற்றிப் பேசுங்கள், சூரியனைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் சின்ன வயசுக் கதையைச் சொல்லுங்கள். கடன் கதையை என்னிடம் சொல்லுங்கள், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அவரும் அதன்பிறகு சொல்லவில்லை. ஆனால் சொல்லாவிட்டாலும் கடன் இருக்கும்தானே. 2025 தொடக்கத்தில், கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், தங்கி வேலை செய்தால் நல்ல சம்பளம் என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். போக முடிவு செய்துவிட்டார். மகனைத் தங்கச்சி வீட்டில் விடுவதாக ஏற்பாடு. பிள்ளையிடம் சொல்லாமல் போவதா, சொல்லிவிட்டுப் போவதா என்று யோசித்து, சொல்லிவிட்டுப் போவதென்று முடிவெடுத்தார். அது சரியான முடிவு. சொல்லாமல் போவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம். வெளியூர் போகிற தாய்மார் பிள்ளை தூங்கும்போது போய்விடுவதை நான் எத்தனையோ லயத்தில் பார்த்திருக்கிறேன். எழும்பின பிள்ளை பிறகு தூங்கப் பயப்படும்.

சொன்னதும் பிள்ளை அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் இனிமே போன்லதான் வருவியா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் யாரோடும் பேசவில்லை. கேள்வி இல்லை, கணக்கு இல்லை. ஆயாம்மா வேண்டுமென்றே பிழையாக எண்ணிக் காட்டினார், அதற்கும் வாய் திறக்கவில்லை. மூன்று வயசிலேயே விட்டிருந்த பழக்கம், திரும்பவும் பாயை நனைக்கத் தொடங்கினாள். அம்மாயி அடித்திருக்கிறார். "இவ்வளவு வாய் பேசுற பிள்ளைக்கு இதுக்கு வெக்கமில்லையா" என்று. தாய்மாரே, பெரியவர்களே, இந்த இடத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஏழு வயசு, எண்ணிக்கை ஏழு வயசு, ஆனால் பிள்ளை நாலு வயசு. நாலு வயசுப் பிள்ளைக்கு மனசு உடைந்தால் பாய் நனையத்தான் செய்யும். அதற்கு அடித்தால் இன்னும் கூட நனையும். அடிக்காமல், பேசாமல் துணியை மாற்றிவிடுங்கள்.

இந்த விசயம் என் காதுக்கு வந்தபோது நான் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. கடன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பாக்கி அவர் பயந்த அளவுக்கு இல்லை. வட்டியும் அபராதமும் எது, முதல் எது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டியில் ஒரு சிறு கடன் எடுத்து, கிழமைத் தவணையை முடித்து, மாதம் ஒரு தடவை சம்பளத்தில் கழிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணினோம். இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கடன் தீர்ந்துவிடவில்லை, வாசலில் வந்து நிற்கிற ஆள்தான் இல்லாமல் போனது. அதுவே அவரைக் கொழும்புக்குப் போகாமல் நிறுத்தியது. இந்தக் கூட்டத்தில் கிழமைத் தவணையில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், பெயர் சொல்லி எழும்ப வேண்டாம், புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

அந்தக் கூட்டுறவுக் கடனுக்குக் கையெழுத்து வைக்க வந்த அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. கிளாக்கர் ஐயா வழக்கம் போல மை டப்பாவை நகர்த்தி வைத்தார். ஆயாம்மா "பேனா குடுங்க" என்றார். கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது இவரும் பின்னால் இருந்து எழுதிப் பழகியிருக்கிறார். நெற்றியில் வேர்வை, மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறார். மேசைக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிகிறது. கணக்கப்பிள்ளை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும், "ஒரு கொம்பை விட்டுட்ட ஆயாம்மா" என்றாள். கிளாக்கர் ஐயா சிரித்த சிரிப்பில் மை டப்பா கவிழ்ந்தது. கொம்பைப் போட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தார்.

இனி நேரம் குறைவு. உங்களிடம் கேட்க நினைத்த சில விசயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயாம்மாக்களை வேலைக்காரி மாதிரி நினைத்து ஏசாதீர்கள். பின்னேரம் பிள்ளையைக் கூப்பிட வரும்போது, "இன்னைக்கு என்ன கேட்டான், என்ன சொன்னாள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். களைப்பாக இருப்பீர்கள், எனக்குத் தெரியும். கூடையை இறக்கி வைக்கிற நேரத்தில் கேட்கலாம். கைப்பிள்ளை உள்ள தாய்மாருக்கு, பிள்ளைக்கு ஒரு வயசாகும் வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு தரம் நேரம் சட்டத்திலேயே உண்டு. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒரு தடவைக்கு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அது யாரும் போடுகிற பிச்சை இல்லை. அந்த நேரத்துக்கு வாருங்கள். மாற்றுத் துணி ஒன்று அனுப்புங்கள்.

பிள்ளை கேள்வி கேட்டால், பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அந்த ஆயாம்மா மாதிரிச் சொல்லுங்கள். இரண்டுமே முடியாத அலுப்பு என்றால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, நாளைக்கு மறக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை மறக்காது.

நம்ம கணக்கப்பிள்ளைக்கு இந்த டிசம்பரில் ஐந்து வயசு முடிகிறது. புது வருசத்தில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகப் போகிறாள். பாடசாலையில் எத்தனை பிள்ளை, எத்தனை கதிரை என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறாள். "நான் போயிட்டா உனக்கு யாரு எண்ணுவா?" என்று ஆயாம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அதற்கு ஒரு பையனைப் பழக்கி வருகிறார்கள். காணுக்குப் பக்கத்தில் இலை விட்ட அதே பையன்தான். பத்துக்கு மேல் போனால் அவனுக்குக் குழம்புகிறதாம். அவளுடைய அம்மா இன்னும் வரவில்லை, இரண்டு வருச ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருசம் நீட்டியிருக்கிறார். வந்தபிறகு அந்தத் தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ள நாள் எடுக்கும். ஆயாம்மா அதற்கும் இப்போதே யோசிக்கிறார். அம்மா அனுப்பும் படங்களை வைத்துக்கொண்டு பிள்ளையோடு பேசுகிறார்.

கடைசியாக ஒரு அறிவித்தல். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயசு முடிகிற பிள்ளைகளை ஒன்றாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், வளர்ச்சி அட்டை இரண்டையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பிறப்புப் பதியாத பிள்ளைகள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் அதையாவது கொண்டு வாருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வெளியில் கடலையும் தேத்தண்ணியும் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் சின்னப் பிள்ளைகளின் பாட்டு இருக்கிறது, இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.